கட்டர் ஏலத்தில் எடுத்த ஜெர்மன் வண்டி

என் அண்ணனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பழைய வண்டிகளைக் கேஸ் கட்டரால் அறுத்து இரும்பாக விற்பது அவன் தொழில் என்பதால் தொழில்காரர்களுக்கு அவன் கட்டர். எனக்கு அண்ணே. எங்களை விட்டுப் போன அண்ணிக்கு அவன் காது கொடுத்துக் கேட்க முடியாத பல பெயர்கள். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். கோபம் வந்தால் அவனுக்குக் கண் தெரியாது, கைதான் தெரியும். லாரி டிரைவர்களை அடித்திருக்கிறான், வட்டிக்காரனை அடித்திருக்கிறான், பல் வலி என்று போன இடத்தில் பல் டாக்டருக்கே ஒன்று வைத்துவிட்டு அதே வலியோடு வீடு திரும்பியிருக்கிறான். அன்று முழுக்கக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பில் அவனுக்கு இன்னும் கோபம் வந்தது.

அண்ணி பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியபோது வாசலில் நின்று என்னைக் கேட்டாள், "நீ எப்படி இந்த ஆளோட காலம் தள்ளுற?"

"என் மேல கை வைக்க மாட்டான் அண்ணி. வெச்சா நான் கடிச்சிடுவேன்னு தெரியும்."

அது வெறும் பேச்சு இல்லை. சின்ன வயதில் ஒரு முறை என் சடையைப் பிடித்து இழுத்ததற்கு நான் கடித்த தழும்பு அவன் முழங்கையில் இருக்கிறது. என்னை வீட்டில் 'வாயாடி' என்று கூப்பிட ஆரம்பித்ததும் அவன்தான். மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு வெளியே ஒன்றைப் பேச எனக்கு வராது. என் புருஷன் கூட அந்த ஒரே காரணத்துக்காகத்தான் என்னை அனுப்பிவைத்தான். அனுப்பினால் என்ன, எனக்கு அண்ணன் வீடு இருந்தது, அப்பா இருந்தார், பழைய இரும்புக் கிடங்கில் எடை மேடைக்குப் பக்கத்தில் கண்ணாடி வைத்த ஓர் அறையும் நாற்காலியும் இருந்தன. லாரி ஏறி நின்றதும் முள்ளைப் பார்த்து எடையைச் சொல்வது என் வேலை. முள்ளைப் பார்க்காமலே டிரைவர் முகத்தைப் பார்த்து, ஏமாற்ற வந்திருக்கிறானா என்று சொல்வதும் என் வேலைதான்.

அண்ணன் ஊரெல்லாம் அடித்தாலும் அடிப்பதற்கென்றே அவனை வைத்திருந்த இடம் ஒன்று உண்டு. அதைப் பற்றிச் சொல்லாமல் அவன் கதையைச் சொல்ல முடியாது.

பழைய இரும்பு, பழைய எந்திரம், மூடிப்போன ஆலைகளின் சாமான் எல்லாம் ஏலத்தில்தான் வரும். ஏலத்தில் பத்துப் பேர் போட்டி போட்டால் விலை எகிறும். அதனால் எங்கள் ஊர்ப் பழைய சாமான் வியாபாரிகள் ஒன்றுகூடி ஒரு வழி வைத்திருந்தார்கள். ஏலத்தில் ஒருவர் மட்டும் கை தூக்குவார். மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்கள். சாமான் அடிமாட்டு விலைக்கு விழும். பிறகு ஏதாவதொரு கிடங்கில் உட்கார்ந்து தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்வார்கள். செய்தித்தாளில் இதை சிண்டிகேட் என்று எழுதுவார்கள். நாங்கள் 'கூட்டு' என்போம்.

கூட்டின் சார்பில் கை தூக்குகிறவருக்குத் தராசு என்று பெயர். ஒல்லியான மனிதர். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை. அவர் போட்ட விதி ஒன்றே ஒன்றுதான். தராசு தவிர வேறு எவன் கை தூக்கினாலும், தூக்கின கை போகும். அந்தக் கையைப் போகவைக்கும் வேலை என் அண்ணனுக்கு.

ஒரு தடவைதான் அதைச் செய்ய வேண்டி வந்தது. கூட்டிலேயே இருந்த, பழைய பேட்டரி வாங்கி விற்கும் ஒருவன், அவனுக்கும் பெயர் பேட்டரிதான், தாமிரக் கம்பி ஏலத்தில் ஆசை அடக்க முடியாமல் கை தூக்கிவிட்டான். தாமிரம் அவனுக்கு விழுந்தது. அன்று மாலையே எங்கள் கிடங்குக்கு அவனை இழுத்து வந்தார்கள். பட்டறைக் கல்லின் மேல் அவன் வலது கையை வைத்து அண்ணன் சுத்தியலை இறக்கினான். ஒரே அடி. பேட்டரி போட்ட சத்தத்தில் தெருவில் போன நாய் கூட நின்று திரும்பிப் பார்த்தது. நான் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பார்த்தேன். எனக்கு வாந்தி வந்தது. இரவு சாப்பாடு போடும்போது, "உனக்குச் சோறு இறங்குதா?" என்று அண்ணனைக் கேட்டேன். இறங்கியது.

இப்படி ஒருவன் எங்கிருந்து வந்தான் என்று கேட்டால், அவன் பிறக்கும்போதே இப்படி வரவில்லை. ஒரு வண்டியிலிருந்து வந்தான்.

எங்கள் அப்பா ஒரு பெரிய வீட்டில் டிரைவராக இருந்தார். அந்த முதலாளியிடம் ஒரு ஜெர்மன் வண்டி இருந்தது. பெரிய போருக்கு முன்னால் செய்தது. நீளமான பானட், இரண்டு பக்கமும் அலைபோல் இறங்கும் மட்கார்டு, மேலே துணிக் கூரை. கூரையை மடித்துப் பின்னால் தள்ளிவிட்டால் திறந்த வண்டி. கறுப்பு நிறம், உள்ளே சிவப்புத் தோல் சீட். அந்த மாதிரி வண்டி உலகத்திலேயே கைவிரல் விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் மிச்சம் இருக்கிறது என்று முதலாளி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாராம்.

ஒரு நாள் மட்கார்டில் ஒரு கீறல் இருந்தது. யார் போட்டது என்று தெரியாது. அப்பா போடவில்லை. அன்றைக்கு அம்மா அப்பாவுக்குச் சாப்பாடு கொடுத்துவிட எங்கள் இரண்டு பேரையும் அனுப்பியிருந்தாள். அந்தக் காலத்து வண்டிக்கு முன்னால் ஓர் இரும்புக் கம்பியைச் செருகிச் சுற்றித்தான் இஞ்சினைக் கிளப்ப வேண்டும். முதலாளி அந்தக் கம்பியை எடுத்தார். அப்பா கும்பிட்டபடியே நின்றார். முதல் அடி தோளில், இரண்டாவது முதுகில். மூன்றாவது அடி முழங்காலில் விழுந்தபோது காய்ந்த விறகு முறிவதுபோல் சத்தம் கேட்டது. அப்பா கீழே விழுந்து, எங்களைப் பார்த்து, போங்க போங்க என்று கையை மட்டும் ஆட்டினார். நான் சாப்பாட்டுத் தூக்கைப் போட்டுவிட்டு ஓடினேன். அண்ணன் ஓடவில்லை. முதலாளி மூச்சு வாங்கி, கம்பியை வண்டிக்குள் போட்டுவிட்டு உள்ளே போகும்வரை நின்று பார்த்தான்.

கால் கூடியதும் அப்பா நொண்டிக்கொண்டு அதே வேலைக்குத் திரும்பிப் போனார். அதைத்தான் அண்ணனால் பொறுக்க முடியவில்லை. "போகாதப்பா" என்று வாசலில் விழுந்து புரண்டான். அப்பா அவனைத் தாண்டிப் போய்விட்டார். பயத்தில் போகிறார் என்று அண்ணன் நினைத்தான், நானும் அப்படித்தான் நினைத்தேன். அதற்குப் பிறகு பள்ளியில் எவன் தோளில் கை போட்டாலும் அண்ணன் திரும்பி அடித்தான். அடித்துக்கொண்டே வளர்ந்தான்.

"என்னிக்காவது அந்த வண்டிய நான் வாங்குவேன். வாங்கி அப்பா கண்ணு முன்னால துண்டு துண்டா அறுப்பேன்" என்பான். மீசை முளைக்கும் முன்பும் சொன்னான், நரைத்த பிறகும் சொன்னான். எனக்கு அலுத்துப்போனது. "ஆமாமா, வாங்கி எனக்கும் ஒரு ரவுண்டு அடிச்சுட்டு அப்புறமா அறு" என்று கேலி செய்வேன்.

முதலாளி செத்தார். மகன் வீட்டை விற்றான். வீட்டுச் சாமான்களோடு கொட்டகையில் பூட்டிக் கிடந்த அந்த வண்டியும் ஏலத்துக்கு வந்தது.

தராசு எங்கள் கிடங்குக்கு வந்து எடை மேடை மேலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து சொன்னார். "மகனுக்கு ஒண்ணும் தெரியல கட்டரு. பழைய வண்டின்னு மட்டும் பட்டியல்ல போட்டிருக்கான். வெளிநாட்டுல இதுக்கு அள்ளிக் குடுக்கறவன் இருக்கான், நான் பேசிட்டேன். வெளியாள் எவனும் ஏலத்துக்குள்ள வரக் கூடாது. கேட் உன் பொறுப்பு."

"நான் பாத்துக்கறேன்" என்றான் அண்ணன்.

அவன் குரல் ஒரு மாதிரி இருந்தது. தராசு போனதும் எழுந்து போய் அவன் முன்னால் நின்றேன். "அண்ணே, நீ கை தூக்கப் போற."

அவன் கட்டரின் மூக்கைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்துகொண்டிருந்தான்.

"பேட்டரிக்கு என்ன ஆச்சுன்னு உனக்கு நான் சொல்லணுமா? நீ அடிச்சதுதானே?"

"தெரியும்."

"கை போச்சுன்னா எதால சாப்பிடுவ? எதால அறுப்ப?"

"நீ ஊட்டி விடு" என்றான். சிரிக்கவே இல்லை. எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த தேநீர் டம்ளரை அவன் மேல் எறிந்தேன். நெற்றியில் பட்டு உருண்டது. துடைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தான். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, இனி இவனைக் கயிறு போட்டு இழுத்தாலும் நிற்க மாட்டான் என்று.

ஏலத்தன்று காலையில் நானும் போனேன். பெரிய வீட்டின் கேட்டருகே அண்ணன் நின்றான். இரண்டு பேர் அவனைப் பார்த்ததுமே வந்த வழியே திரும்பிவிட்டார்கள். மூன்றாவதாகக் கோட்டுப் போட்ட ஒருவர் காரை விட்டு இறங்கி, பழைய வண்டிகள் சேர்க்கிற யாருக்காகவோ வந்திருப்பதாகச் சொன்னார். உள்ளே போகப் பார்த்தார். அண்ணன் அவர் கழுத்துப் பட்டையைப் பிடித்து நிறுத்தி, "திரும்பிப் போங்க" என்றான்.

"நீ யாருய்யா என்னைத் தடுக்க?"

அறை விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. கோட்டுக்காரர் சுழன்று தன் கார் கதவிலேயே மோதினார். எழுந்தவரை மறுபடி அடித்தான். மூக்கிலிருந்து ரத்தம் வெள்ளைச் சட்டையில் வடிந்தது. கீழே விழுந்த அவருடைய மூக்குக்கண்ணாடியை மிதித்து நொறுக்கினான். வெளியாளை விரட்டியாக வேண்டும், சரி. ஆனால் அன்றைக்கு அவன் அடித்தது கூட்டுக்காக இல்லை. போட்டிக்கு ஆள் இருந்தால் தன்னால் அந்த வண்டியை வாங்க முடியாது என்று அவனுக்குத் தெரியும். கூட்டு தனக்குக் கொடுத்த கேட் காவலை வைத்துத் தனக்கே வழி செய்துகொண்டான். போதும் அண்ணே, செத்துடப் போறார் என்று நான் இடையில் விழுந்த பிறகுதான் விட்டான்.

வண்டியை முற்றத்தில் தள்ளி நிறுத்தியிருந்தார்கள். டயரில் காற்று இல்லை. துணிக் கூரையை எலி கடித்திருந்தது. ஆனால் பானட்டின் கறுப்பு தூசிக்கு அடியில் அப்படியே இருந்தது. அந்த இடத்தில்தானே தூக்கைப் போட்டுவிட்டு ஓடினேன்.

ஏலக்காரர் தொடக்க விலை கேட்டார். தராசு விரலை உயர்த்தினார். வேறு யாரும் அசையவில்லை. கூட்டுக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு ஆளுக்கொரு திசையைப் பார்த்தார்கள். முதலாளியின் மகன் முகம் தொங்கிப்போயிற்று.

"ஒரு தரம்" என்றார் ஏலக்காரர். "ரெண்டு தரம்."

அண்ணன் கை தூக்கினான். வலது கை. முழுசாக, தலைக்கு மேலே, பள்ளிக்கூடத்தில் பதில் தெரிந்த பிள்ளை தூக்குவதுபோல் தூக்கினான்.

தராசு திரும்பிப் பார்த்தார். பக்கத்திலிருந்த பேட்டரியின் முகத்தில் ஈயாடவில்லை. தராசு மறுபடி விரலை உயர்த்தினார், அண்ணன் கையைக் கீழே இறக்கவே இல்லை. விலை ஏற ஏறக் கை அப்படியே நின்றது. பணத்துக்காகக் கிடங்கிலிருந்த கிரேனை அவன் முன்தினமே விற்றுவிட்டிருந்தான், எனக்குக் கூடச் சொல்லாமல். தராசு ஒரு கட்டத்தில் லேசாகச் சிரித்து விரலை மடக்கிக்கொண்டார். எதற்கு வீணாக ஏற்றுவது, எப்படியும் வண்டி நம்மிடம்தான் வரப் போகிறது என்று நினைத்திருப்பார்.

"மூணு தரம்" என்று ஏலக்காரரின் சுத்தியல் இறங்கியது.

மறுநாள் காலையில் வந்தார்கள். தராசு, பேட்டரி, கூட்டைச் சேர்ந்த வேறு மூன்று பேர். அண்ணன் ஓடவும் இல்லை, கதவைச் சாத்தவும் இல்லை. பட்டறைக் கல்லைத் துடைத்துவிட்டு அதன் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். வண்டி கிடங்கின் நடுவில் நின்றது.

"வாங்க" என்றான்.

"விதி உனக்குத் தெரியும்" என்றார் தராசு. "வண்டியத் தள்ளிட்டுப் போயிடறோம். கையப் பத்தி யோசிக்கலாம். பழகின பாவத்துக்கு விட்டாலும் விட்டுடறேன்."

எனக்குள் ஓர் ஆசை எட்டிப் பார்த்தது. கொடுத்துத் தொலைடா என்று தொண்டை வரை வந்தது. அண்ணன் என்னைப் பார்த்தான். எத்தனை வருஷமாகச் சொல்லி வந்திருக்கிறான். அந்தப் பார்வையைப் பார்த்ததும் என் வாய் வேறு பக்கம் திரும்பிவிட்டது.

"அது எப்படிங்க?" என்றேன். "பேட்டரி கை தூக்கினப்போ தாமிரத்தத் திருப்பி வாங்கினீங்களா? கைய எடுத்துக்கிட்டீங்க, தாமிரம் அவர்கிட்டயேதானே இருந்துச்சு. அவருக்கு ஒரு நியாயம், எங்கண்ணனுக்கு ஒரு நியாயமா?"

தராசு பேட்டரியைப் பார்த்தார். பேட்டரி மெதுவாக, "ஆமா, தாமிரம் எனக்குத்தான் விட்டாங்க" என்றான். மற்ற மூன்று பேரும் தலையாட்டினார்கள். நாளைக்கு இதே விதி தங்கள் மேலும் விழலாம் என்று ஒவ்வொருவனுக்கும் பயம். விதியை மாற்றினால் கூட்டே கலைந்துவிடும். அந்த ஒல்லி மனிதரின் கன்னம் துடித்ததை அன்றுதான் பார்த்தேன்.

"சரி. கையதான் எடுத்துக்கறோம்" என்றார்.

அண்ணன் வலது கையைக் கல்லின் மேல் விரித்து வைத்தான். அவன் சுத்தியல் பக்கத்திலேயே இருந்தது. யாரும் அதைத் தொடவில்லை.

"யார் அடிக்கறது?" என்றார் ஒருவர்.

நல்ல கேள்வி. கூட்டில் அடிக்கிறவன் ஒருவன்தான், அவன் கைதான் கல்லின் மேல் இருந்தது. மற்றவர்கள் எல்லாரும் வியாபாரிகள். ஒருவர் தனக்கு ரத்தக் கொதிப்பு என்றார். இன்னொருவர், அவனோடு பெண் எடுத்துப் பெண் கொடுத்த உறவு இருக்கிறது என்று ஏதோ பொய் சொன்னார். எங்களுக்கு அப்படி ஓர் உறவும் கிடையாது. மூன்றாமவர் தராசே அடிக்கட்டும் என்றார். தராசு அவரை முறைத்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "முடிவு பண்ணிட்டுக் கூப்பிடுங்க, நான் போய் டீ போடறேன்" என்று கத்தினேன்.

"பேட்டரி, நீ அடி" என்றார் தராசு. "உன் கணக்கும் தீரும்."

பேட்டரி சுத்தியலை எடுத்தான். எடுத்தான் என்றா சொன்னேன், எடுக்கப் பார்த்தான். வலது கை விரல்கள் அன்றைக்கு உடைந்ததிலிருந்து மடங்கவில்லை. காம்பு நழுவி அவன் காலிலேயே விழுந்தது. ஐயோ என்று குதித்தான். பிறகு இடது கையால் எடுத்து, அடித்தான். அது மணிக்கட்டில் விழுந்தது. அண்ணன் உடம்பு ஒரு முறை தூக்கிப் போட்டது, பல்லுக்கு நடுவிலிருந்து காற்று மட்டும் வந்தது.

"அங்க இல்ல" என்றான் அண்ணன். நெற்றியில் வியர்வை கொட்டியது. "காம்ப நுனியில பிடி. பக்கத்துல பிடிச்சா வேகம் வராது. எலும்பு பாதி உடைஞ்சா சேரவே சேராது."

பேட்டரி அழுதுகொண்டிருந்தான். இரண்டாவது அடியில் சுண்டுவிரலும் அடுத்த விரலும் போயின. மூன்றாவது புறங்கையின் நடுவில் சரியாக விழுந்தது. கல்லின் ஓரமாக ரத்தம் வழிந்து மண்ணில் சொட்டியது. நாலாவதுக்கு ஓங்கியபோது நான் எடைக் கல் ஒன்றை எடுத்து வீசினேன். அது பேட்டரியின் தோளில் பட்டு அவன் உட்கார்ந்துவிட்டான்.

"பேட்டரிக்கு ஒரு அடிதானே விழுந்துச்சு" என்றேன். "உங்க விதி இங்கயே முடிஞ்சுபோச்சு. இன்னொருத்தன் கைய ஓங்கினா அவன் கழுத்தக் கடிச்சு எடுப்பேன். போங்கடா வெளிய."

போனார்கள். தராசு மட்டும் நின்று வண்டியின் பானட்டில் கை வைத்து, "உலகத்துல இல்லாத பொருளுடா இது. முட்டாப் பயலே" என்றார். அண்ணன் எழுந்து, தலையால் அவர் முகத்தில் ஒரு முட்டு முட்டினான். உதடு கிழிந்து வாயைப் பொத்திக்கொண்டு அவரும் போனார்.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நான் கெஞ்சினேன். "அறுத்துட்டுப் போகலாம்" என்றான். ஈரச் சாக்கைச் சுற்றிக் கட்டிவிட்டேன். அதற்குள் சாக்கு சிவந்துவிட்டது. கை வீங்கி முழங்கைவரை நிறம் மாறியிருந்தது. "அப்பாவக் கூட்டிட்டு வா" என்றான்.

அப்பாவுக்கு அப்போது பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்து நாளாகியிருந்தது. சக்கர நாற்காலிதான். பேச்சும் குழறிவிட்டது. மற்றவர்களுக்கு அவர் பேசுவது வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசுவதுபோல் இருக்கும். அண்ணனுக்கும் புரியாது. குளிப்பாட்டி, ஊட்டிவிட்டுக் கூடவே கிடப்பவள் என்பதால் எனக்கு ஒவ்வொரு சொல்லும் புரியும். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து வண்டியின் பக்கத்தில் நிறுத்தினேன்.

அப்பா பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு, "துணி குடு" என்றார். வாய் துடைக்கக் கேட்கிறார் என்று நினைத்துத் துண்டைக் கொடுத்தேன். அவர் விழாத கையை நீட்டி மட்கார்டின் தூசியைத் துடைத்தார். எட்டியவரை துடைத்தார். கறுப்பு பளபளவென்று வந்தது. அதில் அவர் முகம் தெரிந்தது.

அண்ணன் தீப்பொறி தடுக்கும் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கட்டரை இடது கையில் எடுத்தான். நான்தான் பற்றவைத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. தீ நீலமாகச் சீறியது. அவன் வண்டியின் மறுபக்கம் போய்ப் பின்கதவிலிருந்து ஆரம்பித்தான். பெயின்ட் கொப்பளித்துக் கருகியது. பொறி பறந்து துணிக் கூரை பற்றிக்கொண்டது. தோல் சீட் எரியும் நாற்றம் மூக்கைப் பிடுங்கியது. பழக்கமில்லாத கை, வெட்டு கோணலாகப் போயிற்று. அவன் மறுபடி மறுபடி அதே இடத்தில் அறுத்தான். அறுபட்ட கதவு தரையில் விழுந்தபோது அதைக் காலால் மிதித்தான்.

அப்பா என் கையைப் பிடித்தார். "என்ன பண்றான் இவன்?"

"அறுக்கறாம்பா. உங்களுக்காகத்தான். உங்கள அந்தக் கம்பியால அடிச்சாங்க இல்ல, அதுக்கு."

"அடிச்சது அவரு. வண்டி என்ன பண்ணுச்சு?" அப்பாவின் விரல்கள் என் மணிக்கட்டில் இறுகின. "அவரு ஏறுவாரு, எறங்குவாரு. ஓட்டினது நான். அது என் வண்டி. நிறுத்தச் சொல்லு அம்மாடி."

நொண்டிக்கொண்டு திரும்பிப் போனாரே, பயத்தில் போகவில்லை. இந்த வண்டிக்காகப் போனார். அதை ஒரு நாள் கூட அவர் எங்களிடம் சொல்லவில்லை. நாங்களும் ஒரு நாள் கூடக் கேட்கவில்லை. எனக்கு அப்பா மேல் ஆத்திரம் பொங்கியது. இத்தனை வருஷமும் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு இப்போதா சொல்வது?

"நிறுத்தச் சொல்லு" என்று அப்பா அழ ஆரம்பித்தார். கண்ணீர் கோணிய வாயில் வழிந்தது.

அண்ணன் எங்கள் பக்கம் திரும்பினான். தீயை ஒதுக்கிப் பிடித்து, கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளினான். அவன் வலது கையைச் சுற்றிய சாக்கிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

"அப்பா என்ன சொல்றாரு?" என்று கேட்டான்.

நிறுத்து என்று சொன்னால் என்ன மிச்சம்? பாதி எரிந்த வண்டி, உடைந்த கை, சின்ன வயதிலிருந்து அவன் அடித்த ஒவ்வொரு அடியும் வீண் என்ற சேதி. அந்தச் சேதியை அவன் தாங்குவானா? மாட்டான். என் அண்ணனை எனக்குத் தெரியும். அன்றைக்கே அந்தத் தீயைத் தன் பக்கம் திருப்பியிருப்பான்.

"ஒண்ணு விடாம அறுக்கச் சொல்றாரு அண்ணே" என்றேன். "சந்தோஷத்துல அழறாரு."

அண்ணன் முகம் மலர்ந்ததே, அவன் பிறந்ததிலிருந்து அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. "இதோப்பா" என்று கத்திவிட்டுக் கண்ணாடியை இறக்கினான். அப்பா என் மணிக்கட்டிலிருந்து கையை எடுத்தார். திரும்பி என்னைப் பார்த்தார். நான் பார்வையை விலக்கவில்லை. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன், எவன் வேண்டுமானாலும் என்னைத் திட்டிக்கொள்ளட்டும்.

பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்தது. ஆஸ்பத்திரியில் அண்ணனின் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். அவனால் மறுபடி கட்டர் பிடிக்க முடியவில்லை. கிடங்கை வேறொருவர் எடுத்துக்கொண்டார், எடை மேடையில் எனக்கு மட்டும் வேலை கொடுத்தார். அண்ணன் இப்போது யாரையும் அடிப்பதில்லை. நாள் முழுக்க அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, இடது கையால் அவருக்குச் சாப்பாடு ஊட்டுகிறான். சிந்தினால் பொறுமையாகத் துடைக்கிறான்.

அப்பா அதற்குப் பிறகு என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வேறு யாரிடம் பேசினாலும் அது அவர்களுக்குப் புரியப் போவதில்லை, அதனால் பேசுவதையே விட்டுவிட்டார்.

"பாத்தியா வாயாடி" என்கிறான் அண்ணன், ஒவ்வொரு வேளையும் ஊட்டும்போது. "அன்னிக்கு வண்டிய அறுத்ததோட அப்பா மனசுல இருந்த பாரமெல்லாம் இறங்கிடுச்சு. எவ்வளவு அமைதியா இருக்காரு பாரு."

"ஆமாண்ணே" என்கிறேன். அப்பா என் பக்கம் பார்க்காமல் வாயைத் திறக்கிறார்.